முதல் கரண்டி

ஒன்பது நிமிடத்துக்கு ஒரு முறைதான் பிளாவியாவின் நாடி துடிக்கும். அந்த ஒரு துடிப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஜெசிந்தா தினமும் வேலையைத் தொடங்குவாள். அன்று காலை மகளின் இடது கைச் சுண்டுவிரல் லேசாக மடங்கியிருந்தது. நீவிப் பார்த்தாள். நிமிரவில்லை.

தூத்துக்குடிக் கடற்கரையில் இருந்த அந்த நீலக் கட்டடத்துக்கு நிதானசாலை என்று பெயர். கடலடித் தரைக்கும் கீழே, பாறை இடுக்குகளில், கோடி வருடங்களாக நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. வெளிச்சம் கிடையாது, சாப்பாடு என்று சொல்லிக்கொள்ளவும் ஒன்றும் கிடையாது. ஆனாலும் அவை சாகவில்லை, அவசரப்படவும் இல்லை. ஆயிரம் வருடத்துக்கு ஒரு முறை சோம்பல் முறிப்பதுபோல் இரண்டாகப் பிரிந்துவிட்டு, மறுபடி சும்மா இருந்துவிடும். அந்தச் சும்மா இருக்கும் வித்தையைப் பாறையிலிருந்து வடித்தெடுத்து ஊசியில் ஏற்றினார்கள். அதுதான் நிதானி. போட்டுக்கொண்டவருக்குப் பத்து வருடம் ஒரு மதியத் தூக்கம்.

முதலில் தீராத நோயாளிகள்தான் வந்தார்கள். பிறகு காத்திருக்கப் பொறுமையில்லாத எல்லோரும் வந்தார்கள். கட்டில்காலில் தொங்கும் தகட்டில் காரணம் எழுதியிருக்கும். 'விசா கிடைக்கும் வரை.' 'வழக்கு முடியும் வரை.' 'மருமகள் மனம் மாறும் வரை.' இந்தக் கடைசி ஆள் எழுந்திருக்கப்போவதே இல்லை என்பது ஜெசிந்தாவின் அந்தரங்கக் கணிப்பு.

பிளாவியாவின் தகட்டில் இருந்தது, 'மருந்து வரும் வரை.' நரம்பு கரையும் நோய். ஐந்தே வருடத்தில் மருந்து வந்துவிடும் என்று ஆய்வகம் சொன்னபோது அவளுக்கு வயது பதினேழு. பதினோரு வருடம் ஓடிவிட்டது. அவளுக்கு இன்னும் பதினேழுதான். ஜெசிந்தாவுக்குத்தான் தலை முழுக்க நரைத்துவிட்டது. நிதானியில் நோயும் மெதுவாக நடக்குமே தவிர நிற்காது. அந்தச் சுண்டுவிரல் அதைத்தான் சொன்னது.

அங்கே பணிப்பெண்ணாக இருந்த ஜெசிந்தாவை அன்று ஒன்பதாம் கூடத்துக்கு மாற்றியிருந்தார்கள். நகம் வெட்டும் வேலை. வருடத்துக்கு ஒரு முறை வெட்டினால் போதும். ஜன்னல் வழியே கடல் வெளிச்சம் கூரையில் அசைந்தது. தூங்குகிறவர்கள் எல்லோரும் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் இருந்தது. நான்காவது கட்டிலில் ஒருவரின் கட்டைவிரலைப் பிடித்தபடி தகட்டைப் பார்த்தாள்.

'டாக்டர் அருமைநாயகம். நோய்: இல்லை. காரணம்: மருந்து வரும் வரை.'

நகவெட்டி கையிலிருந்து நழுவியது. பிளாவியாவுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்த டாக்டர் அவர்தான். 'ஆய்வு நல்லபடியாக நடக்கிறது' என்று அவர் பெயரில் போன மாதம்கூடக் கடிதம் வந்திருந்தது.

கூடத்தின் மேற்பார்வையாளர் சந்தனமாரியைக் கூப்பிட்டாள். "இவரு எப்ப மாரி இங்க வந்தாரு?"

"நாலு வருசம் ஆச்சேக்கா. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆய்வகத்துல இவரவிட வேகமாப் போறாவளாம். எப்படியும் அவங்க கண்டுபிடிச்சிருவாங்க, நாம எதுக்கு வயச வீணாக்கணும்னு படுத்துட்டாரு."

"அங்கயாவது வேல நடக்கா?"

சந்தனமாரி ஜன்னலைப் பார்த்தாள். "அவங்க இவர நம்பிப் படுத்திருக்காவன்னு கேள்வி."

"அப்ப எனக்கு வந்த கடுதாசி?"

"அது மெசினு போடுதுக்கா."

ஜெசிந்தாவுக்கு அழுகை வரவில்லை. கெட்ட கோபம்தான் வந்தது. நேரே சமையலறைக்குப் போய்க் கஞ்சித் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் வாங்கி வந்தாள்.

பாறை நுண்ணுயிருக்குத் தீனி காட்டினால் விழித்துக்கொள்ளும். நிதானத்தில் இருப்பவர்களும் அப்படித்தான். காரணம் நிறைவேறியதும் உறவுக்காரர்கள் நல்ல செய்தியோடு வந்து முதல் கரண்டி புகட்டுவார்கள். அது அங்கே கல்யாணத்துக்குச் சமமான சடங்கு. புதுத்துணிகூட உடுத்தி வருவார்கள்.

"அக்கா, செய்தி இல்லாம எழுப்புனா வேல போயிரும்," என்றாள் சந்தனமாரி.

"போட்டும்."

பதிவேட்டில் 'உறவு' என்ற இடத்தில் 'பிளாவியாவின் அம்மா' என்று எழுதிவிட்டு, டாக்டரின் உதட்டைப் பிரித்து முதல் கரண்டியை விட்டாள்.

மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது டாக்டர் கண்ணைத் திறந்தார். கனவு இன்னும் கலையாத முகம். அவளைப் பார்த்து மலர்ந்து சிரித்தார்.

"மருந்து வந்துடுச்சாம்மா?"

"வரல டாக்டர். நீங்க எந்திரிச்சாத்தான் வரும்."

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. அதுவரை அவள் காத்திருக்கவில்லை. சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, நீண்ட நடைகூடம் வழியாகத் தள்ளிக்கொண்டு போய், பிளாவியாவின் மணிக்கட்டில் அவர் விரலை எடுத்து வைத்தாள்.

"துடிக்கும். இருங்க."

மூன்று நிமிடம் ஆனது. அவர் நெளிந்தார். ஐந்தாவது நிமிடம் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம்மா?"

"மொத்தம் ஒம்பது நிமிசம். நான் பதினோரு வருசமா இருக்கேன்."

அதன் பிறகு அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மடங்கிய சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் விரலடியில் அது வந்தது. மெல்லிய ஒரு தட்டல், அவ்வளவுதான். அவர் கையை எடுக்கவில்லை.

"அம்மா," என்றார் தலைநிமிராமல். "என் ஆய்வகத்து ஆட்கள் இன்னும் ஆறு பேர் அந்தக் கூடத்துல படுத்திருக்காங்க. கஞ்சி மிச்சம் இருக்கா?"