ஈல்-அத் சந்தையில் ஒரு தோல் திருட்டு

ஈல்-அத் கால்நடைச் சந்தையின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய அந்தச் செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, பொதுமக்கள் அனைவரும் எழுந்து நின்று கேட்க வேண்டிய அறிவிப்பு ஒன்று ஒலிபெருக்கியில் வெளியானது: செத்துப்போன ஒட்டகக் குட்டி ஒன்றின் தோல் திருட்டுப் போய்விட்டது.

யாரும் எழுந்து நிற்கவில்லை. ஆடுகள் நின்றன. அவற்றுக்கு உட்கார இடமில்லை.

அறிவித்தவர் ஹாஜி தீரியே. சந்தைப் பேரவையின் தலைவர், ஒட்டக நலக் கழகத்தின் நிறுவனர், ஹவுத் மேய்ச்சல் வெளியின் மரபுக் கவிஞர். இன்னும் இரண்டு பட்டங்கள் உண்டு; சில நாள் அவருக்கே மறந்துவிடும். முப்பாட்டன்கள் பன்னிரண்டு பேரின் பெயரை மூச்சு விடாமல் சொல்வார். பன்னிரண்டு பேரும் ஒட்டகம் மேய்த்தவர்கள். பதின்மூன்றாவதாக வந்த இவர் முப்பது வருடம் புராவோ நகரத்தில் சிமென்ட் விற்றார். அந்த முப்பது வருடத்தைப் பற்றிக் கவிதை எதுவும் இல்லை.

சந்தை வாசலில் தகரச் சாவடி. அதில் சார்ஜென்ட் பர்னி. நாற்பத்தெட்டு வயது. சந்தை மொத்தத்துக்கும் அவள் ஒருத்திதான் போலீஸ். மனிதர்களை மந்தை மந்தையாகப் பார்த்துப் பார்த்து, மனிதர்களைப் பற்றிய அவளுடைய அபிப்பிராயம் சந்தை விலைக்கும் கீழே போய்விட்டிருந்தது.

காலை 7.25. தோலைப் பறிகொடுத்த எப்லா சாவடிக்கு வந்தாள். தூரத்து மேய்ச்சல்காரி. கால் நிறையப் புழுதி.

"என்ன போச்சு?"

"தோலு. உள்ள காஞ்ச புல் அடைச்சது. அது இல்லாம என் ஒட்டகம் ஸுபக் பால் விடமாட்டா அக்கா. குட்டி செத்து ஒரு மாசம் ஆச்சு. அந்தத் தோலை மோந்து நக்கினாத்தான் அவளுக்கு மடி இறங்கும்."

"எங்க வெச்சிருந்த?"

"முள்வேலியில, அவ மூஞ்சிக்கு நேரா. விடிகாலைல உப்பைக் கரைச்சு நல்லாத் தேச்சேன், ஆசையா நக்கட்டுமேன்னு. இந்தா பாரு, கைகூட இன்னும் கழுவல. தண்ணி வாங்கப் போயிட்டு வந்தேன். காணோம்."

"அப்ப யார் யார் இருந்தாங்க?"

"தரகன் ஆறுவிரல், ஸுபக்கோட பல்லைப் பிடிச்சுப் பாத்துட்டு இருந்தான். பால்காரி ஷுக்ரி மடியைத் தொட்டுப் பாத்தா. ஹாஜி பாட்டுப் பாடினாரு."

"என்ன பாட்டு?"

"ஒட்டகத்தைப் பத்தி. அதைக் கேட்டுத்தான் தண்ணிக்குப் போனேன்."

பர்னி எழுதிக்கொள்ளவில்லை. மூன்று பெயரை எழுதிவைப்பவள் மூன்று பெயரை மறக்கக்கூடியவள் என்பது அவள் கட்சி.

எப்லாவின் நிலைமை இது. அவள் குடும்பம் தங்கியிருந்த இடம் நான்கு நாள் நடைதூரம். பாதி வழியிலிருந்த கிணறு போன வாரம் வற்றிவிட்டது. ஒட்டகத்தைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போக முடியாது. இன்றே விற்றாக வேண்டும். நகரத்துப் பால்காரி ஷுக்ரி, முந்தின நாளே சந்தை வழக்கப்படி சால்வைக்கு அடியில் எப்லாவின் விரல்களைப் பிடித்து விலையை முடித்துவிட்டாள். ஒரே நிபந்தனை: நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னால் கண்ணெதிரே கறந்து காட்ட வேண்டும். கறக்காவிட்டால், தொழுகை முடிந்ததும் கிளம்பும் இறைச்சி லாரி.

"பால் இருந்தா இன்னும் பத்து வருஷம் இருப்பா," என்றாள் எப்லா. "இல்லைன்னா பொழுது சாயறதுக்குள்ள கொக்கியில தொங்குவா. நாலு குட்டி போட்டவ அக்கா அவ."

"அழாத. அழுதா எனக்குக் காது கேக்காது."

காலை 8.00. ஒலிபெருக்கி மறுபடியும் உறுமியது. ஐந்து பேர் கொண்ட விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. தலைவர், ஹாஜி தீரியே. மற்ற நால்வர் பின்னர் அறிவிக்கப்படுவார்கள். இறைச்சித் தரகன் ஹிர்சிதான் குற்றவாளி என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது. பால் நின்றால் ஒட்டகம் யாருக்குப் போகும் என்று குழு கேட்டது. குழுவே பதில் சொன்னது.

ஹிர்சியைத்தான் எல்லோரும் ஆறுவிரல் என்பார்கள். விரலைத் தொட்டு விலை பேசுகிற தொழிலில் வலது கையில் ஆறு விரலோடு பிறந்தவன். நேர்மையாக நடந்தாலும் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால், அந்தச் சிரமத்தை அவன் எடுத்துக்கொள்ளவே இல்லை. பத்துப் பேர் அவனைச் சூழ்ந்து கைலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதே மூச்சில் ஹாஜி இன்னொன்றும் சொன்னார். மாநகர விருந்தினர் முன்னிலையில், ஒன்பது மணிக்கு, 'பால்வளப் பேரரசி' போட்டி. "குட்டியைப் பறிகொடுத்து ஒன்பது நாளே ஆன என் சொந்த ஒட்டகமும் அந்தத் துயரத்தை விழுங்கிக்கொண்டு களம் இறங்குகிறது. அந்தக் குட்டியை உச்சி முதல் குளம்புவரை முழு உடலாக நானே அடக்கம் செய்தேன். முப்பத்திரண்டு அடி இரங்கற்பா பாடினேன். அதை இப்போது வாசிக்கிறேன்."

வாசித்தார்.

ஒன்பது மணிப் போட்டி நிர்வாகக் காரணங்களால் பத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. பத்து மணிப் போட்டி பதினொன்றுக்கு. விருந்தினர் மூவரும் குடைக்கு அடியில் நான்காவது தேநீரைக் குடித்தார்கள். ஹாஜி மேடைக்கு நொண்டிக்கொண்டு வந்தார். பொதுவாழ்வில் ஓயாமல் நின்றதால் வந்த வலி என்று விருந்தினருக்கு விளக்கினார். மேடைக்குப் பின்னால் நிறுத்தியிருந்த அவருடைய வெள்ளைக் காரின் பின்கதவை ஏழெட்டு ஆடுகள் நக்கிக்கொண்டிருந்தன. ஒன்று அவர் சால்வையின் முனையைச் சப்பியது.

"பாத்தீங்களா? வாயில்லா ஜீவனுக்குக்கூட யாரு தலைவர்னு தெரியுது," என்றார்.

பர்னியும் பார்த்தாள்.

காலை 10.10. பர்னி கூட்டத்தை விலக்கி ஹிர்சியை வெளியே இழுத்தாள்.

"தோலை எடுத்தியா?"

"எடுத்து என்ன பண்ண? லாரியில இருபத்திரண்டு நிக்குது. இன்னொண்ணு ஏத்தணும்னா நான் இறங்கி நடக்கணும்."

"விலை குறைஞ்சா நடப்பே."

"நடப்பேன்," என்று ஒத்துக்கொண்டான். "ஆனா எடுக்கல."

"ஒண்ணு சொல்லு. அந்தத் தோலை வேற ஒட்டகத்துகிட்ட காட்டினா பால் விடுமா?"

ஹிர்சி அவளை ஏற இறங்கப் பார்த்தான். "எம் பேத்திக்கு மூணு வயசு. அவளைப் போய்க் கேளு. சிரிப்பா."

10.30. பால்காரி ஷுக்ரி பால் கெடாமலிருக்கத் தன் பாத்திரங்களுக்குப் புகை போட்டுக்கொண்டிருந்தாள்.

"விலையைக் குறைக்கலாம்னு தோலை எடுத்தியா?"

"பால் விடாத ஒட்டகத்தை வாங்கி வாசல்ல நிறுத்தி அழகு பாக்கவா? பேசின விலைக்குப் பேசின பால். எனக்கு அது போதும்."

"அந்தத் தோலுக்கு வேற ஒட்டகம் பால் விடுமா?"

"என்னக்கா, வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா? பெத்தவளுக்குத்தான் வாசனை தெரியும். மத்தவ உதைப்பா."

11.15. பர்னி மேடை ஏறினாள். ஹாஜி ஒலிவாங்கியை அணைக்கவில்லை. அதை அணைக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

"ஹாஜி, நான் வெறும் போலீஸ்காரி. ஒட்டக விஷயத்துல நீங்கதான் பெரியவர். ஒரு சந்தேகம்."

"கேள் மகளே."

"ஒரு ஒட்டகத்தோட குட்டித் தோலை இன்னொரு ஒட்டகத்துகிட்ட காட்டினா பால் சுரக்குமா?"

ஹாஜி மார்பை நிமிர்த்தினார். "சுரக்கும். தாய்மைங்கறது உலகத்துக்கே பொது. தோல்னா தோல்தான். இதுல எந்தக் குட்டி, யார் பெத்ததுங்கற கணக்கெல்லாம் மனுஷன் பண்ணின பிரிவினை."

சந்தை முழுக்கக் கேட்டது. தரகர்களின் கைகள் சால்வைக்கு அடியில் அப்படியே நின்றுபோயின. கிழவர் ஒருவர் தன் மருதாணித் தாடியைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

"உடனே சுரக்குமா ஹாஜி?"

"உடனே எப்படி? கொஞ்சம் பொறுக்கணும். எட்டரைக்கு ஆரம்பிச்சா பதினொண்ணுக்குள்ள..."

"எட்டரைக்கு ஆரம்பிச்சீங்களா?"

ஹாஜி வாயை மூடினார். அவர் வாழ்நாளிலேயே ஒலிவாங்கி முன்னால் அதை மூடியது அன்றுதான்.

"காலையிலேர்ந்து எல்லாரும் ஒரு அயோக்கியனைத் தேடினோம்," என்றாள் பர்னி. "அதுக்கு ஆறுவிரல் வசதியாக் கிடைச்சான். ஆனா அந்தத் தோலால ஸுபக்கைத் தவிர யாருக்கும் பிரயோஜனம் இல்ல. கெடுக்கணும்னு எடுக்கறவன் அதைத் தீயில போட்டுட்டுப் போயிருப்பான். பயன்படும்னு எடுத்திருந்தா, அவனுக்கு ஒட்டகத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. இந்தச் சந்தையில அப்படி ஒரு ஆளை எங்க போய்த் தேடறது? அதான் கேள்வி கேட்டேன்."

"இது அவதூறு," என்றார் ஹாஜி. "பன்னிரண்டு தலைமுறையா..."

"பன்னிரண்டு பேர்ல ஒருத்தராவது குட்டியைத் தோலோட புதைச்சிருப்பாங்களா? குட்டி செத்தா முதல் வேலை தோலை உரிக்கறது. நீங்க பாட்டுப் பாடிப் புதைச்சுட்டீங்க. பால் நின்னுபோச்சு. விருந்தாளி வந்தாச்சு. காலைல வேலியில ஒரு தோல் தொங்கறதைப் பாத்தீங்க. உங்க ஒட்டகம் மோந்து பாத்துட்டு உதைச்சதுல உங்க கால் போச்சு. போட்டி ரெண்டு தடவை தள்ளிப் போச்சு."

"சாட்சி எங்கே?"

"உங்க காரை நக்கிட்டு இருக்கு. எப்லா தோல்ல தேச்ச உப்பு உங்க கையிலேர்ந்து சால்வைக்கும் கதவுக்கும் வந்திருக்கு. ஆட்டுக்குத் தலைவர் வேண்டாம் ஹாஜி, உப்புத்தான் வேணும். கதவைத் திறங்க."

ஹாஜி கௌரவத்தோடு மறுத்தார். ஹிர்சி கௌரவம் இல்லாமல் திறந்தான். பின்னிருக்கையில், பச்சைப் பட்டுத் துணியில் சுற்றி, தோல் கிடந்தது. ஒரு காது பிய்ந்திருந்தது. வயிற்றில் ஒட்டகப் பாதத்தின் தடம்.

11.40. எப்லா தோலின் வயிற்றை நீவிவிட்டுப் பிய்ந்த காதைச் சரிசெய்து ஸுபக்கின் முன்னால் நிறுத்தினாள். ஒட்டகம் மோந்து பார்த்தது. பட்டின் அத்தர் வாசனை பிடிக்காமல் தலையைத் திருப்பிக்கொண்டது. ஷுக்ரி சூரியனைப் பார்த்தாள். லாரி டிரைவர் என்ஜினைப் போட்டு வைத்தான்.

எப்லா தோலைத் தன் முக்காட்டில் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். மறுபடியும் நீட்டினாள். ஸுபக் குனிந்தது. தோலின் வால்பக்கத்தில், குட்டி இருந்தால் எங்கே மோந்திருக்குமோ அங்கே, மூக்கை வைத்தது. நக்கியது. தொண்டைக்குள் மெல்ல முனகியது.

"இறங்கிட்டா," என்றாள் எப்லா. அதற்குள் பாத்திரத்தில் முதல் பீச்சு விழுந்துவிட்டது.

ஷுக்ரி நுரையை விரலால் தொட்டுப் பார்த்தாள். "தோலையும் சேத்துத்தானே கொடுக்கறே?"

"அதையும், இன்னொண்ணையும். நெஞ்சுப்பக்கம் தடவிக் கொடுத்தா அவளுக்குப் பிடிக்கும். மறந்துடாத."

"பேர் சொல்லித்தான் கூப்பிடணுமா?"

"இல்லைன்னா திரும்பமாட்டா."

லுஹர் முடிந்து 12.50க்கு இறைச்சி லாரி இருபத்திரண்டு ஒட்டகங்களோடு கிளம்பியது. எப்லா தண்ணீர்ப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, சந்தையைத் திரும்பிப் பார்க்காமல் தெற்கே நடந்தாள். வழக்கு எழுதச் சாவடியில் காகிதம் இருந்தது. ஹாஜி தீரியேயின் பட்டங்களை எழுதி முடிக்க அது போதாது என்று பர்னி சொல்லிவிட்டாள்.

பிற்பகல் இரண்டு மணிக்கு, ஒரு சொட்டும் கறக்காத ஹாஜியின் ஒட்டகத்துக்கே 'பால்வளப் பேரரசி' கோப்பை வழங்கப்பட்டது. அதன் பெயரைப் போன வாரமே பொறித்துவிட்டிருந்தார்கள்.