உள்ளேர்ந்து மட்டும் அனுமதி

நான் முயல். வயசு இருபத்திமூணு. தரைக்குக் கீழ இருக்கற ரூம்ல இருக்கேன். கட்டில் மேல காலை மடக்கி உக்காந்துக்கிட்டு ஃபோன்ல பேசறேன், அதுவா எழுதிக்கிட்டே வருது. தப்பு இருந்தா நீயே சரியாப் படிச்சுக்க அக்கா. காது பெருசு, தொட்டதுக்கெல்லாம் பயம்னு சொல்லி இந்தப் பேரை வெச்சதே நீதானே.

கட்டிலுக்கடியில இருக்கற கம்ப்யூட்டரைப் பத்திச் சொல்லியிருக்கேன். எனக்கு முன்னாடி இங்க இருந்தவன் விட்டுட்டுப் போனது. திரை கிடையாது, கீபோர்ட் கிடையாது, கரண்ட் வயர் ஒண்ணு, நெட் வயர் ஒண்ணு, முன்பக்கம் சின்னதா ஒரு பச்சை விளக்கு. அதுல யாராவது எழுதினாலோ படிச்சாலோ விளக்கு சிமிட்டும். பழசையெல்லாம் துடைச்சு எடுத்துட்டு, ஃபோன்லேர்ந்தே வெப் சர்வர் போட்டு, அதுக்கு வேண்டிய பிஹெச்பி மென்பொருளும் போட்டு, நம்ம வீட்டுக்குன்னு ஒரு வலைப்பூ வைக்க ஆரம்பிச்சேன். நான் எழுதணும், நீ அப்பாவுக்குப் படிச்சுக் காட்டணும். அவ்வளவுதான் ஆசை.

முதல் தடவை திறந்தா அது பேரு கேக்கணும், பாஸ்வேர்ட் கேக்கணும். கேக்கல. ‘ஏற்கெனவே நிறுவியாச்சு, உள்ளே வாங்க’ன்னு வந்துச்சு. உள்ள ஒரே ஒரு பதிவு. ‘நான் முயல். வயசு இருபத்திமூணு. தரைக்குக் கீழ இருக்கற ரூம்ல இருக்கேன்.’

நான் அப்போ ஒரு வரி கூட எழுதியிருக்கல.

அழிச்சேன். உங்ககிட்ட சொல்லல. சொன்னா நீ ஒரு வாரம் ஓட்டுவ.

அப்புறம் படம் ஏத்தற ஃபோல்டர் மக்கர் பண்ணுச்சு. அனுமதி இல்ல, அனுமதி இல்லன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்துச்சு. ஹோட்டல் லாண்டரியில ஷிஃப்டுக்கு நேரமாயிடுச்சு. ‘யார் வேணா எழுதலாம்’னு அதைத் திறந்துவிட்டுட்டு ஓடினேன். வந்து மூடிக்கலாம்னு நினைச்சேன். இந்த வேலை தெரிஞ்சவன் எல்லாரும் ஒரு தடவையாவது இதைச் செஞ்சிருப்பான். மூட மறந்துட்டேன்.

அடுத்த வாரம் அம்மா கூப்பிட்டா. “ஃபோன்ல ம்ம், ஆமாங்கறதோட சரி, எழுத்துல இவ்வளவு பேசறியேடா!” பின்னாடி அப்பா குரல். “சுவத்துக்குள்ள தண்ணி ஓடற சத்தம்னு நேத்து எழுதினானே, அதை இன்னொரு தடவை படிக்கச் சொல்லு.”

நேத்து நான் ஒண்ணுமே எழுதல. ஃபோனை வெச்சுட்டுக் காதை சுவத்துல வெச்சேன். ஈரத்துணியை நாள்கணக்கா மூடி வெச்ச மாதிரி ஒரு வாடை சுண்ணாம்புக்குள்ளேர்ந்து வந்துச்சு, அதோட குழாய்ல தண்ணி இழுத்து இழுத்து ஓடற மாதிரி ஒரு சத்தம், நான் மூச்சை அடக்கினா அதுவும் நிக்குது, விட்டா திரும்ப ஓடுது.

எவனோ வெளியாள் புகுந்துட்டான்னு நினைச்சேன். சர்வர் அமைப்புல ஒரு வரி போட்டேன். எழுதற பக்கத்துக்கு இந்த மெஷினுக்கு உள்ளேர்ந்து வர்றவங்களுக்கு மட்டும் அனுமதி, வெளியில இருக்கற யாருக்கும் இல்ல. நானே ஃபோன்லேர்ந்துதான் போறேங்கறது அந்த நேரத்துல புத்தியில ஏறல. அப்புறம் திறந்தா ‘அனுமதி இல்லை’.

கட்டிலுக்கடியில விளக்கு சிமிட்டுச்சு. புதுப் பதிவு வந்துச்சு.

‘எல்லாரையும் வெளியே அனுப்பிட்டு என்னை மட்டும் உள்ள வெச்சதுக்கு நன்றி.’

அதுக்கப்புறம் வந்ததை நீங்க படிச்சிருப்பீங்க. ‘என் நம்பரைத் திருடிட்டாங்க, என் குரல்ல யாராவது பேசினா நம்பாதீங்க, இங்க எழுதறதை மட்டும் நம்புங்க. உடம்புக்கு முடியல, அக்கா மட்டும் வரட்டும்.’

உடனே அம்மாவைக் கூப்பிட்டேன்.

“அம்மா, நான்தாம்மா. முயலு.”

“அந்தப் பேரைக்கூடத் தெரிஞ்சு வெச்சிருக்கியா? நாசமாப் போறவனே, என் புள்ள மாதிரியே பேசறியேடா.”

“அக்காவை அனுப்பாதீங்கம்மா.”

“அவ கிளம்பிட்டா. இன்னொரு தடவை கூப்பிட்டே, போலீசுக்குப் போவேன்.”

வெச்சுட்டா. அழுதுக்கிட்டேதான் வெச்சா. நீயும் என் நம்பரை அடைச்சு வெச்சிருக்க. அதனாலதான் இங்க எழுதறேன். மூட மறந்தேனே, அந்த ஃபோல்டர் வழியாத்தான் இதை உள்ள தள்ளப் போறேன். நீ நம்பற இடம் இது ஒண்ணுதான்.

வெளிய போய் உன்னை நிறுத்தலாம்னு பாத்தேன். கதவு உள்ளேர்ந்து திறக்கல. தாழ்ப்பாள் நகருது, பூட்டு சுத்துது, கதவு மட்டும் வரல. தலைக்கு மேல தெருவுல ஆளுங்க நடந்து போறாங்க, நல்ல பகல், யாரோ சிரிக்கறாங்க. தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தரும் நிக்கல.

கரண்ட் வயரைப் பிடுங்கிட்டேன். என் கையிலதான் இருக்கு.

விளக்கு எரியுது.

நான் பேசறப்போ சிமிட்டுது. நான் நிறுத்தினா...

சிமிட்டுது.

அந்த வாடை. இப்ப சுவத்துலேர்ந்து வரல. கீழேர்ந்து. குனிஞ்சு பாக்க மாட்டேன். கட்டில் லேசா ஆடுது. நான் ஆடல.

அக்கா, வராதே. வாசல் வரைக்கும் வந்துட்டாலும் கதவைத் தொடாதே, திரும்பிப் போயிடு. நான் இனிமே பேசப் போறதில்ல. ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கறேன். இதுக்குக் கீழ ஒரு எழுத்து வந்தாலும் அது நான் இல்ல.

அக்கா, பாதி வழி வந்திருப்ப. மேல இருக்கறதெல்லாம் காய்ச்சல்ல உளறினது, மனசுல வெச்சுக்காதே. கதவு வெளியிலேர்ந்து தள்ளினா திறக்கும். கட்டில் மேல ஒருத்தன் வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருப்பான். அவன்கிட்ட பேச்சுக் குடுக்காதே. குனிஞ்சு கீழ பாரு.