தொட்டிக்குள் நிலா

அனுப்பர்பாளையம் டவுன் பஸ்ஸிலிருந்து மயிலாள் இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. 1989, ஆயுதபூஜை. துணி வெளுக்கும் பிளீச்சிங் பட்டறை முழுக்க சீரியல் விளக்குகள். வழக்கமான காரநெடியோடு சாம்பிராணியும் கலந்து வந்தது. அவள் கணவன் அங்கமுத்து இன்று நிலாவில் இறங்கப்போகிறான்.

மனிதன் நிலாவில் கால்வைத்து இருபது வருடம் ஆகிவிட்டதாம். முதலாளி மருதாசலம் பேப்பரில் படித்துவிட்டு, பூஜைக்கு அதையே வேடிக்கை நாடகமாகப் போட ஏற்பாடு செய்திருந்தார். வடித்துவிட்ட ஆழமான தொட்டியின் அடியில் பிளீச்சிங் பவுடர் வெள்ளையாகப் படிந்து கிடந்தது. அதுதான் நிலா. காலையில்தான் அதில் ஆசிட் ஊற்றிக் கழுவப் பார்த்திருந்தார்கள்; அதன் புகை இன்னும் அடியில் தேங்கி நின்றது.

அங்கமுத்துவின் தலையில், கண்ணாடி பதித்த பித்தளைக் குண்டா. உள்ளே ஒரு மைக். இடுப்பில் கயிறு.

"உங்க ஊட்டுக்காரரு புதுமாப்பிள்ளையாட்ட இருக்காரு," என்று பட்டறையில் வேலைபார்க்கும் வேலாத்தாள் மயிலாளைச் சீண்டினாள்.

கப்பி சுழன்றது. பித்தளைத் தலை கீழே போயிற்று.

"நிலாவுல இருந்து பேச்சு வந்துசேர நேரமாகும். பொறுமையாக் கேளுங்க," என்றார் மருதாசலம்.

"நம்ம டிரங்க் கால் போன் மாதிரிங்களா?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

கூட்டம் சிரித்தது.

"அங்கமுத்து, எறங்கிட்டியா?" முதலாளி குரல் கொடுத்தார்.

ஒலிபெருக்கியில் வெறும் இரைச்சல்.

கீழே அவன் துள்ளினான். கைகளை வீசினான். கைதட்டல் எழுந்தது. கயிறு வெடுக்வெடுக்கென்று இழுபட்டது.

"அவரு நடிக்கலீங்க! தூக்குங்க!" மயிலாள் கத்தினாள்.

"பொறு கண்ணு. பேச்சு இன்னும் வந்துசேரலை."

அவன் மண்டியிட்டான். இன்னும் பலத்த கைதட்டல்.

பிறகு அசையவில்லை.

மேலே தூக்கிக் குண்டாவைக் கழற்றினார்கள். வாயில் நுரை. கண்கள் வெந்திருந்தன. மூச்சு இல்லை.

அப்போதுதான் ஒலிபெருக்கி பேசியது.

"எறங்கிட்டேனுங்க மொதலாளி."

பிணம் அவர்கள் காலடியில் கிடந்தது.

"நெஞ்செரியுதுங்க. தூக்குங்க."

யாரோ ஒலிபெருக்கியின் ஒயரைப் பிடுங்கினார்கள்.

"தூக்குங்க." இம்முறை குரல் தொட்டிக்குள்ளிருந்து வந்தது.

கூட்டம் வாசலை நோக்கி ஓடியது. மயிலாள் மட்டும் தொட்டியின் விளிம்பில் குனிந்தாள்.

"ஏனுங்க, எங்க இருக்கீங்க?"

காத்திருந்தாள்.

"இங்கயேதான் மயிலா. கயித்தப் போடு."

பிணத்தின் இடுப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்து உள்ளே விட்டாள். அது விறைத்தது. ஓர் ஆளின் கனம். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

மருதாசலம் துணி வெட்டும் கத்தியோடு ஓடிவந்தார். "செத்தவன் செத்தவந்தான். மேல கொண்டாராதே!" அவள் கைக்குக் கீழே ஒரே வெட்டு.

கயிறு இருட்டுக்குள் போய் மறைந்தது. மயிலாளின் கையில் முழ நீளத் துண்டு மிஞ்சியது.

அது தொங்கவில்லை. கீழ்நோக்கி விறைத்தபடி, அவளை விளிம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தது.