வலப்பக்கத்தில் யாருமில்லை

ஸ்காபரோவிலிருந்து பத்து மணி நேர ஓட்டம். சென்ட் லோரன்ஸ் ஆறு கடலாக மாறுகிற அந்தக் கரையில் நாங்கள் காலை எட்டு மணிக்கு இறங்கியபோது, ஓகஸ்ட் மாதத்திலும் கை விறைத்தது. என் அறுபதாவது பிறந்தநாளுக்கு மகள் நடாஷா தந்த பரிசு இது: ஒருநாள், கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகில் போய்த் திமிங்கிலம் பார்ப்பது.

முப்பத்தைந்து வருடமாக நான் கடலில் இறங்கவில்லை. அதை அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

என்னோடு வீடுகளுக்கு ட்ரைவோல் சுவர்ப்பலகை அடிக்கும் நீக்கிலாசும் அவன் மனைவி வேரோனிக்காவும் வந்திருந்தார்கள்.

"சூசை அண்ணை, திமிங்கிலம் உங்கடை வயித்தைப் பாத்தால் தன்ரை சொந்தம் எண்டு கூட்டிக்கொண்டு போயிடும்," என்றான் நீக்கிலாஸ்.

நடாஷா சிரித்தாள். அவளுக்கு நீச்சல் வராது. இந்தக் குளிர்த் தண்ணீரில் விழுந்தால் பத்து நிமிடத்தில் கைகால் இயங்காது என்று வழிகாட்டிப் பெண் சொன்னதை அவள்தான் எனக்குத் தமிழில் சொன்னாள், ஏதோ பகிடி மாதிரி.

ஒரு கயாக்கில் இரண்டு பேர். முன்னால் நடாஷா, பின்னால் நான். அவளுடைய முதுகையும் செம்மஞ்சள் மிதவை அங்கியையும் தவிர வேறொன்றையும் நான் பார்க்கவில்லை.

பதினொரு மணிக்கு முதலில் மணம் வந்தது. அழுகிய மீன் மணம். பிறகு ஒரு நீண்ட பெருமூச்சு. கறுத்த முதுகொன்று எழும்பி, ஆறுதலாகத் தாழ்ந்தது. அது போன இடத்திலிருந்து வெள்ளையாகப் பனிப்புகார் வந்து எங்களை மூடியது.

வழிகாட்டி சத்தம் போட்டாள். ஐந்து கயாக்குகளும் ஒட்டி நிற்கவேண்டும். ஆளுக்காள் பக்கத்துக் கயாக்கின் விளிம்பைப் பிடிக்கவேண்டும். புகார் விலகும்வரை விடக்கூடாது. நாங்கள் வலதுபக்கக் கடைசி. என் இடதுகை நீக்கிலாசின் கயாக்கைப் பிடித்திருந்தது.

எங்களுக்கு வலப்பக்கத்தில் யாருமில்லை.

அந்தப் பக்கத்தில் யாரோ பிடித்தார்கள்.

நான்கு விரல்கள். ஒவ்வொன்றாக வந்து விளிம்பில் படிந்தன. சின்னிவிரல் கடைசியாக.

தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்குத் தப்பி மன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு ஓடிய வள்ளத்தில் பன்னிரண்டு பேர்தான் ஏறலாம். இருபத்தாறு பேர் இருந்தோம். கரையிலிருந்து நீந்தி வந்த ஒரு கை, நான் இருந்த பக்கத்தைப் பிடித்தது. வள்ளம் சரிந்தது. கழற்று, இல்லாவிட்டால் எல்லோரும் சாவோம் என்றான் ஓட்டி. நான் சின்னிவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஆணா பெண்ணா என்றுகூடப் பார்க்கவில்லை. கோயிலில் சுவாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்திலும் இதைச் சொல்லவில்லை.

கயாக் வலப்பக்கம் சரிந்தது.

"அப்பா, ஏன் சாயிறியள்?"

"நீ திரும்பாதை பிள்ளை."

தண்ணீர் நடாஷாவின் முழங்கையைத் தொட்டது. அவள் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. கழற்றினால் என் பிள்ளை தப்புவாள். எப்படிக் கழற்றுவதென்று என் கைக்கு நன்றாகத் தெரியும். சின்னிவிரலைப் பிடித்தேன்.

அது நடுங்கியது.

இரண்டாம் தடவை என்னால் முடியவில்லை. மணிக்கட்டைப் பிடித்து மேலே இழுத்தேன்.

"வாங்கோ," என்றேன்.

கயாக் நிமிர்ந்தது.

புகார் விலகியபோது வலப்பக்கத்தில் வெறும் தண்ணீர். யாரை வாங்கோ என்று கூப்பிட்டேன் என்று நீக்கிலாஸ் கேட்டான். திமிங்கிலத்தை என்றேன். கரை சேரும்வரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். பிள்ளை உயிரோடு முன்னால் இருந்தாள். எனக்கு வேறென்ன வேண்டும்?

வலதுகை மட்டும் சூடேறவில்லை. அன்றிரவு மோட்டலில் சுடுதண்ணீரில் வைத்துப் பார்த்தேன். மறுநாள் நடாஷாதான் கார் ஓட்டினாள், ஹீற்றரை முழுதாகப் போட்டுக்கொண்டு. பின்னேரம் ஸ்காபரோவில் எங்கள் அப்பார்ட்மென்ற் பார்க்கிங்கில் காரை நிறுத்திவிட்டு, தாருங்கோ பார்ப்போம் என்று என் கையை வாங்கித் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் தேய்ப்பது நின்றது.

"அப்பா, நோகுது. விடுங்கோ."

நான் பிடிக்கவில்லை. என் ஐந்து விரல்களும் விரிந்தே இருந்தன.

அவள் இழுத்தாள். இன்னும் பலமாக இழுத்தாள். அவளுடைய விரல்கள் இரத்தம் ஓடாமல் வெளுத்துக்கொண்டு வந்தன.