நாற்பத்தேழு நின்ற இடங்கள்

குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிறைவதற்குள் இருநூறு இலக்கங்களை ஒப்பித்துப் பார்த்துவிடலாம் என்று கண்ணை மூடினேன். கண்ணைத் திறந்தபோது இருநூறாவது இலக்கம் சரியாக வந்திருந்தது. கீழ்வீட்டுக்காரரின் கூரையில் தண்ணீரும் வந்திருந்தது. அவருடைய டிவி, சோபா, கடைசியாக அவருடைய பொறுமை என்று எல்லாமே நனைந்துவிட்டன. தளத்தைப் பெயர்த்துச் சரிசெய்ய மூன்று வாரம் ஆகும் என்றார் கொத்தனார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

நாற்பத்துமூன்று வயதில் ஒருவனுக்கு இந்த மனப்பாடம் எதற்கு என்று கேட்பீர்கள். பத்திரிகையில் சிறு விளம்பரங்களுக்குப் பிழை திருத்துகிற எனக்கு, படித்ததை உடனே மறப்பதுதான் உத்தியோகம். அதற்குப் பரிகாரமாகப் பையின் இலக்கங்களைப் பிடித்துக்கொண்டேன். கடைக்கு எடுத்துப் போகிற பை அல்ல, வட்டத்துக்குரிய, 3.14 என்று தொடங்கி முடிவே இல்லாத அந்த எண். நாலாயிரம் இலக்கம் ஒப்பிக்கும் போட்டியில் மூன்று முறை தோற்றிருந்தேன். இந்த மாதக் கடைசியில் நாலாவது முறை. அதோடு விட்டுவிடுவதென்று முடிவு. முழங்காலும் மூளையும் சேர்ந்து தேயத் தொடங்கியிருந்தன.

வழி எளிது. 00 முதல் 99 வரை ஒவ்வொரு ஜோடி இலக்கத்துக்கும் ஓர் ஆளோ பொருளோ உண்டு. 62 என்றால் ஆடு. 18 என்றால் எங்கள் அச்சகத்து ஃபோர்மேன். தெரிந்த ஒரு வீட்டுக்குள் மனதாலேயே நடந்து, இடத்துக்கு ஒன்றாக அவர்களை வைத்துக்கொண்டே போக வேண்டும். திரும்ப நடந்தால் இலக்கங்கள் வரிசையாகக் கிடைக்கும். வைக்கிற ஆள் கோமாளித்தனமாக ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. சும்மா நிற்பவர் மறந்துபோவார்.

எனக்குத் தெரிந்த வீடெல்லாம் ஏற்கெனவே நிரம்பி வழிந்தது. கடைசி அறுநூறு இலக்கங்களை அக்கா வீட்டில் குடிவைத்தேன். அங்கேதான் புத்தி கெட்டது.

47க்கு என்னிடம் இருந்தது ஒரு தராசு. அது எப்போதும் நினைவிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும். அத்தான், அதாவது அக்காவின் கணவர், இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாற்பத்தேழு வயதில் போனவர். அவர் எப்படி நழுவுவார்? தராசை எறிந்துவிட்டு அத்தானை 47 ஆக்கினேன்.

அறுநூறு இலக்கத்தில் நாலு தடவை வந்தார். செருப்பு அலமாரியில் இரண்டு கையிலும் ஷூ மாட்டிக்கொண்டு. ஃப்ரிட்ஜுக்குள் சம்மணமிட்டு. பால்கனிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கிக்கொண்டு. பீரோவுக்குள் அக்காவின் சேலையைச் சுற்றிக்கொண்டு. உயிரோடு இருந்திருந்தால், வேறு ஆள் கிடைக்கலையாடா என்று கேட்டிருப்பார். சாப்பிட்டீர்களா என்று கேட்டால்கூட, ஏன், நீ போடப்போறியா என்று கேட்கிற மனிதர். ஒரு கேள்விக்கும் அவர் நேராகப் பதில் சொல்லி யாரும் கேட்டதில்லை.

நாலாம் நாள் ஃப்ரிட்ஜ் திறந்து கிடந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாளெல்லாம் நின்று வேலை செய்துவிட்டு வந்த அக்கா, திறந்து போட்டது நீதான்டா என்றாள். ஒப்புக்கொண்டேன். குழாய் விஷயத்துக்குப் பிறகு என்னை யார் நம்புவார்கள்?

மறுநாள், அலமாரியில் ஒரு ஜோடி ஷூ அடிப்பாகம் மேலே பார்க்கக் கவிழ்ந்திருந்தது.

அதற்கடுத்த நாள், துணியே இல்லாத கொடியில் கிளிப்புகள் எல்லாம் ஓர் ஓரமாக நெருங்கி நின்றன.

பீரோவின் முன்னால் ஒரு சேலை தரையில் கிடந்தது. கலைந்து அல்ல, வட்டமாக. சுற்றியிருந்தவர் அதற்குள்ளிருந்து அப்படியே இறங்கிப் போனதுபோல.

வீடு முழுக்கத் தைல வாசனை. அத்தான் தோளுக்குப் பூசுகிற தைலம்.

இந்த வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று அக்காவைக் கேட்டேன். இருக்கோமே, ரெண்டு பேர் என்றாள். அத்தானோடு பதினெட்டு வருஷம் குடித்தனம் செய்ததில், நேராகப் பதில் சொல்லாத அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஆனால் அவள் கண்கள் வீங்கியிருந்தன. அடுத்த நாள் போனில் புரோக்கரிடம் ஒற்றை அறை வீடு விசாரித்துக்கொண்டிருந்தாள். நாலு பேர் தூக்கினால்தான் இந்த வீட்டை விட்டுப் போவேன் என்று அத்தானின் காரியம் முடிந்த அன்று சொன்னவள் அவள். அவர் அடித்த ஆணியைக்கூடப் பிடுங்க விடாதவள்.

போட்டிக்கு இரண்டு நாள் இருந்தது. மதியம் மூன்று மணி. ஜன்னல் நிறைய வெயில். ஹாலில் உட்கார்ந்து, கண்ணை மூடி, கடைசி ஒத்திகைக்கு நடந்தேன். செருப்பு அலமாரி, சரி. ஃப்ரிட்ஜ், சரி. அக்காவின் அறை வாசலுக்கு வந்தேன். அங்கே 62. ஓர் ஆடு குடை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

ஆட்டைக் காணோம்.

அத்தான் நின்றார்.

நான் வைத்த நாலு பேரும் கோமாளித்தனம் செய்துகொண்டிருந்தார்கள். இவர் ஒன்றும் செய்யவில்லை. சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, சும்மா நின்றார்.

கண்ணைத் திறந்துவிடலாமென்றுதான் பார்த்தேன். ஆனால் அக்காவின் வீங்கிய கண்கள் நினைவுக்கு வந்தன. குடிவைத்ததைக் காலி செய்யவும் வழி உண்டு. ஒவ்வோர் இடமாகப் போய், விளக்கை அணைத்து, ஆளை அனுப்ப வேண்டும். அனுப்பினால் அறுநூறு இலக்கமும் போகும். போட்டியும் போகும். போகட்டும் என்று நடந்தேன். எத்தனையோ தோல்வி பார்த்த உடம்பு, இன்னொன்றைத் தாங்கும்.

ஃபோர்மேன் போனார். தராசின் இடத்தைப் பிடித்த நாலு அத்தான்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். கொடி வெறுமையாக ஆடியது. கடைசியாக அறை வாசலுக்கு வந்து விளக்கை அணைத்தேன்.

அணையவில்லை.

"அத்தான், நீங்களும் போறீங்களா?" என்றேன், வாய்க்குள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்னை நீயா வெச்சே?"

அந்தக் குரல் மனதுக்குள் கேட்கவில்லை. காதில் கேட்டது.

அக்கா வரும்வரை பால்கனியிலேயே நின்றேன். அவள் வந்து, வீங்கிய கால்களை ஸ்டூலில் நீட்டிக்கொண்டதும், தராசிலிருந்து தொடங்கி ஒன்று விடாமல் சொன்னேன். செத்தவரைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜுக்குள் உட்கார வைத்ததைச் சொல்லும்போது அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். விழவில்லை.

"அந்த நாலும் போயாச்சா?"

"போயாச்சு."

"நிச்சயமா?"

"நிச்சயமா. ஆனா உன் அறை வாசல்ல ஒருத்தர்... அவரை எப்படி அனுப்புறதுன்னு தெரியலக்கா. இங்க என்னதான் நடக்குது? இந்த ஒரு தடவையாவது நேரா சொல்லு."

அக்கா போனை எடுத்து, புரோக்கரின் நம்பரை அழித்தாள்.

"அவர் போன நாள்லேர்ந்து அங்கதான்டா நிக்கிறார். அந்த நாலு பேருக்குத்தான் நான் பயந்தேன். நீ அவரை மட்டும் எண்ணாதே."