இரண்டாவது ஸ்லாட்டில் இருந்த தூசி

"ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்," என்றார் மதாம் தௌலத். "கம்ப்யூட்டர்லேருந்து ஒரு சாமான் காணாமப் போயிருக்குன்னு. கீழே உங்க கடை முத்திரை. அவ்வளவுதான்."

காலை பத்து மணி. அலெக்சாந்திரியாவின் முஹர்ரம் பேக் பகுதியில், ட்ராம் பாதையை ஒட்டிய அந்தச் சிறிய கடையில் பாதி ராவியாவுடையது. அவள் கணினிப் பழுது பார்ப்பவள். மறுபாதியில் ஹாஜி ஷுக்ரி சாவி செய்தார். தபால் நிலையத்தில் முப்பது வருடம் பிறர் கடிதங்களைப் பிரிக்காமல் அடக்கி வைத்திருந்த ஆவலை, ஓய்வுபெற்ற பிறகு ராவியாவிடம் வரும் வழக்குகளில் தீர்த்துக்கொண்டிருந்தார். வழக்கு என்பது அவர் வைத்த பெயர்; ராவியாவையும் மரியாதையாக உஸ்தாதா என்றே கூப்பிடுவார். யார் எந்தக் கோப்பை அழித்தது, யார் கைபட்டு இயந்திரம் செத்தது என்று குடும்பங்களில் சண்டை வந்தால் ராவியாவைக் கூப்பிடுவார்கள். அவள் பெட்டியைத் திறப்பாள், பார்ப்பாள், குரலை உயர்த்தாமல் சொல்வாள்.

"என்ன சாமான் மதாம்?" ஷுக்ரி அரத்தைக் கீழே வைத்துவிட்டார்.

மதாம் தௌலத் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பிரெஞ்சு ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். சுருக்கமாகவே சொன்னார். வீட்டில் பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய கணினி. அரை மணிநேரம் ஓடினால் தானே அணைந்துவிடும். வியாழக்கிழமை பழுது பார்க்க ஒரு பையன் வந்து பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, கைப்பேசி வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தான். எதையும் தொடவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, "மெமரி ராம் போடுற ஸ்லாட் ரெண்டு இருக்கு, ஒண்ணு காலி. யாராவது உருவிட்டாங்களா?" என்று கேட்டான். படிக்கட்டில் அக்கம்பக்கத்தார் நின்றிருந்தார்கள்.

"யார்மேல சந்தேகம்?"

"என் வீட்டுக்கு வர்றது ஒரே ஆளு. எங்க கட்டடத்துக் காவல்காரன் பையூமியோட பொண்ணு, நவ்வாரா. பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சை எழுதப்போறா. தினம் வந்து இதுல படிச்சுக்கோன்னு நான்தான் சொன்னேன்." கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினார். "பையூமி மானஸ்தன். யாரும் போகச் சொல்லல, அவனா மூட்டை கட்டுறான். ரெண்டு மணிக்குச் சொந்த ஊர் சோஹாக்குக்கு ரயில். நாளைக்கு யாரும் நாமதான் அநியாயமா விரட்டினோம்னு சொல்லக்கூடாது, எழுத்துல ஒண்ணு வேணும்னு குடியிருப்போர் கமிட்டித் தலைவர் கர்னல் கேக்கறாரு."

"பெரிய சாமானோ?"

"இல்ல ஹாஜி, ஒரு சாண் கூட இருக்காது. 512 எம்.பி., நீலத் தாள் ஒட்டினது. புத்தகத்துக்குள்ள வெச்சு எடுத்துட்டுப் போயிடலாம்."

ராவியா பேனாவை மூடினாள்.

"பாக்காம எழுத மாட்டேன் மதாம். வீட்டுக்கு வரேன்."

கடையில் இருந்த பழுதுகளை முடித்துவிட்டு அவர்கள் கிளம்பியபோது பதினொன்று தாண்டிவிட்டது. அந்தக் கட்டடத்தின் தரைத்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில் இருந்த காவல்காரர் அறையின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே எதையோ தரையில் இழுக்கும் சத்தம். மதாம் தௌலத் அந்தக் கதவைக் கடக்கும்போது மட்டும் வேகமாக நடந்தார். எழுபது வயதுக்காரர் அப்படி ஏறுவதைப் பார்த்து ஷுக்ரி ராவியாவிடம் கண்ணைக் காட்டினார். அவள் கவனிக்காததுபோல் ஏறினாள்.

கணினியின் மேல் வெள்ளை நூலில் பூப்பின்னிய விரிப்பு, முன்னும் பின்னும் தழையத் தொங்கியது.

"இது எப்பவும் இப்படித்தானா? ஓடும்போதும்?"

"தூசி படக்கூடாதே."

ராவியா விரிப்பை மடித்து அவர் கையில் கொடுத்தாள். மின்கம்பியைப் பிடுங்கினாள், உடம்பின் நிலைமின்சாரம் இறங்க இரும்புத் தகட்டைத் தொட்டாள், பிறகு திருகுகளைக் கழற்றினாள். உள்ளே மின்விசிறியின் இறக்கைகளில் பஞ்சுபோல் தூசி அப்பியிருந்தது. மென்தூரிகையால் அதை மெதுவாக உருட்டி எடுத்தாள்.

"அணைஞ்சு போறதுக்குத் திருடன் காரணமில்ல. மூச்சு முட்டுது, பாவம். சூடேறினா தன்னைக் காப்பாத்திக்க நின்னுடும். துணியைப் போர்த்தாதீங்க, சரியாயிடும்."

"அப்போ அந்த சாமான்..."

"அதுக்கு வரேன். ஹாஜி, விளக்கை இப்படிப் பிடிங்க."

முதல் ஸ்லாட்டில் இருந்த ராமை அவள் உருவினாள். அதன் விளிம்பில் வரிசையாக இருந்த பொன்னிறப் பற்கள் புதுசுபோல் பளபளத்தன. கடல்காற்று ஒரு வருடத்தில் ஜன்னல் கொக்கியைக் கூடத் தின்றுவிடும் ஊர் இது. ஷுக்ரி குனிந்து, பெட்டியின் அடித்தட்டில் இருந்த சின்னச் சின்ன இளஞ்சிவப்புத் துணுக்குகளை விரல்நுனியில் ஒற்றி எடுத்து முகர்ந்தார்.

"ஸ்ட்ராபெர்ரி! வல்லாஹி, ஸ்ட்ராபெர்ரி வாசனை! ஸ்கூல் புள்ளைங்க வெச்சிருக்கிற ரப்பர் இது. உஸ்தாதா, அந்தப் பொண்ணு உள்ள கை வெச்சிருக்கா. மாட்டிக்கிட்டா!"

"நான்தான் சொன்னேனே," என்றார் மதாம் தௌலத். ஜெயித்தவரின் குரலாக அது இல்லை. கையிலிருந்த விரிப்பை இன்னும் சிறிதாக மடித்துக்கொண்டே இருந்தார்.

"அவங்களைக் கூப்பிடுங்க," என்றாள் ராவியா.

பையூமி செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். அவருக்குப் பின்னால் வந்த நவ்வாராவுக்குப் பதினேழு வயதிருக்கும். முழங்கை வரை தூசி. யாருக்கும் சலாம் சொல்லவில்லை.

"இந்தப் பெட்டியைத் திறந்தியா?" ராவியா கேட்டாள்.

"இல்லைங்க, என் பொண்ணு அப்படியெல்லாம்..." பையூமி குறுக்கிட்டார்.

"திறந்தேன்," என்றாள் நவ்வாரா.

பையூமியின் கை மெல்லத் தாடியைத் தொட்டு நின்றது.

"மூணு வாரம் முன்னாடி. சுவிட்ச் போட்டா திரையில ஒண்ணும் வரல. பீப்... பீப்னு நீளமா கத்திக்கிட்டே இருந்துச்சு. ஸ்கூல் லேப்ல இப்படிக் கத்தினா மிஸ் ராமைக் கழட்டி ரப்பரால தேய்ச்சுப் போடுவாங்க. நானும் தேய்ச்சேன். ஓடிச்சு."

"இப்படித் திருட்டுத்தனமா பண்றதுக்கு மதாம்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றார் ஷுக்ரி.

"சொன்னா? 'எப்படிக் கெடுத்தே'ன்னு கேப்பாங்க. அதுக்கு அப்புறம் 'எப்படிச் சரிபண்ணினே'ன்னு யாரு கேக்கப் போறா?" அவள் மதாம் தௌலத்தைப் பார்க்காமல் சொன்னாள். "இன்னொரு இடம் அப்பவே காலியாத்தான் இருந்துச்சு. வியாழக்கிழமையே சொன்னேன். யார் காதுல விழுந்துச்சு?"

ராவியா விளக்கை வாங்கி இரண்டாவது ஸ்லாட்டின் அருகே பிடித்தாள்.

"ஹாஜி, இங்க என்ன தெரியுது?"

"ஒண்ணுமில்ல. தூசிதான்."

"எப்படிப்பட்ட தூசி?"

ஷுக்ரி மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். "கம்பளம் மாதிரி படிஞ்சிருக்கு. ஸ்லாட்டோட வாய்க்குள்ளயும் அடைச்சிருக்கு."

"ராம் உள்ள இருந்திருந்தா அந்த வாய் மூடியிருக்கும். உள்ள தூசி போயிருக்காது. மூணு வாரத்துலயோ மூணு மாசத்துலயோ உருவியிருந்தா அந்த வாய் மட்டும் சுத்தமா இருக்கணும். இது பல வருஷத்துத் தூசி. இந்த ரெண்டு முனையிலயும் இருக்கிற கொக்கியைப் பாருங்க. ராமை எடுக்கணும்னா இதை வெளிப்பக்கம் சாய்க்கணும். அவசரத்துல எடுக்கறவன் அப்படியே விட்டுட்டுப் போவான். இதை எடுத்தவர் பொறுமையா மூடி வெச்சிருக்கார், மூடின கொக்கி மேலயும் அதே கம்பளம். பக்கத்து ஸ்லாட்டுல மட்டும்தான் விரல் பட்ட தடம் இருக்கு. இந்தப் பொண்ணு தொட்டது அதை மட்டும்தான். மூணு வாரமா இந்த மெஷின் ஓடினதே அவளாலதான்."

"அப்போ திருடன்?" என்றார் ஷுக்ரி.

"திருட்டே இல்ல. ஹாஜி, நீங்களும் இவங்க ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் வெளியே இருங்க."

கதவு சாத்தப்பட்டது. ராவியா ராமைப் பழைய இடத்தில் அழுத்திப் பொருத்தி, கொக்கிகள் இரண்டையும் சொடுக்கி மூடினாள்.

"மதாம், வியாழக்கிழமை வந்தவர் காலி இடத்தைத்தான் பாத்தார். அதுல எப்போவோ இருந்தது என்ன அளவு, என்ன நிறத் தாள் ஒட்டினதுன்னு அவருக்குத் தெரிய வழியில்ல. நவ்வாராவும் பாத்ததில்ல. நீங்க கடையில 512ன்னு சொன்னீங்க. நீலத் தாள்னு சொன்னீங்க."

மதாம் தௌலத் விரிப்போடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு விளக்கு நான்தான் பிடிச்சேன்," என்றார். "என் மகன் ஹாதிமுக்கு நிச்சயம் ஆன வருஷம். அந்தப் பொண்ணு வீட்டு கம்ப்யூட்டருக்குப் போடணும்னு எடுத்தான். 'அப்பாகிட்ட மூச்சு விடாதம்மா'ன்னான். விடல. அவர் போய்ச் சேர்ற வரைக்கும் 'இது ஏன் இப்படி மெதுவா நகருது'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். நானும் கூடச் சேர்ந்து ஆச்சரியப்பட்டேன்."

சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"மறந்திருப்பீங்க."

"எனக்கு வழி போட்டுத் தராதம்மா. மறக்கல. அந்தப் பையன் வாசல்ல கேட்டதும் முதல்ல கண்ணுல வந்தது ஹாதிமோட கைதான். அந்த நீலத் தாளோட. எதிர்ல கர்னல் பொண்டாட்டி நிக்கறா. கனடாவுல என் மகன் அப்படி, என் மகன் இப்படின்னு பத்து வருஷமா நான் சொன்னதையெல்லாம் கேட்டவ. வாயைத் திறந்தேன். நவ்வாரான்னு வந்துச்சு. நடுவுல ஒரு மூச்சு நேரம்கூட இருக்காது. அந்த ஒரு மூச்சுல நான் யாருன்னு நானே பாத்துட்டேன். நாலு நாளா அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

ராவியா திருகுகளை ஒவ்வொன்றாக மாட்டினாள்.

"நான் ரகசியமா பையூமியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுடறேன்," என்றார் மதாம் தௌலத். "இந்தக் கம்ப்யூட்டரை அவளுக்கே குடுத்துடறேன். போதாதா?"

"அந்தப் பொண்ணு பேரைப் படிக்கட்டுல சொன்னீங்க மதாம். நாலு மாடிக்கும் கேட்டிருக்கும்."

அவர் எழுந்தார். கண்ணாடி முன் நின்று தலைத்துணியைச் சரிசெய்யப் போய், பாதியிலேயே கையை இறக்கிக்கொண்டார்.

படிக்கட்டில் அவர் பேசியபோது கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கர்னல் பனியனோடு வெளியே வந்தார். கர்னலின் மனைவி கையில் கத்தரிக்காயோடு நின்றாள்.

"நவ்வாரா எதையும் எடுக்கல. எடுத்தது என் மகன். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்."

"போதும் மதாம், போதும்," என்று பையூமி பதறினார். அவர் முகம்தான் சிவந்திருந்தது. "உள்ள போங்க. எல்லாரும் பாக்கறாங்க. இதெல்லாம் எதுக்கு..."

தன்னைக் காப்பாற்ற அவர் படும் பாட்டை மதாம் தௌலத் கண்டார். கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, மேல்மாடியைப் பார்த்து அதையே இன்னொரு முறை, இன்னும் சத்தமாகச் சொன்னார்.

"சரி, சரி," என்றார் கர்னல் செருமிக்கொண்டு. "பையூமி, மூட்டையைப் பிரி. நான் அப்பவே நினைச்சேன்."

"நினைச்சவர் வாயைப் பூட்டி வெச்சிருந்தீங்களாக்கும்," என்றாள் அவர் மனைவி. யாரும் சிரிக்கவில்லை.

பையூமி மகளைப் பார்த்தார். நவ்வாரா யோசித்தாள். "பரீட்சை முடியற வரைக்கும் இருப்போம்பா," என்றாள். பிறகு மதாம் தௌலத்திடம், மரியாதை குறையாமல், "கம்ப்யூட்டர் வேணாம் மதாம். ஸ்கூல் லேப்லயே படிச்சுக்கறேன்," என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

ராவியாவும் ஷுக்ரியும் பின்னால் இறங்கினார்கள். ஷுக்ரிக்குத் தாங்கவில்லை.

"தூசியைப் பாத்ததும் புரிஞ்சுபோச்சா உஸ்தாதா? இல்ல, அந்தக் கொக்கியா?"

"கடையிலேயே. நீலத் தாள்னு சொன்னாங்களே, அப்பவே."

"அடேயப்பா!" என்றார். இரண்டு படி இறங்கினார். அதன்பின் நின்றார். "கடையில... பத்து மணிக்கா?"

அவர் குற்றம் சொல்லவில்லை. கணக்குப் போட்டார், அவ்வளவுதான். ஆனால் ராவியாவுக்கு அந்த ஒரு மணிநேரத்துக்கும் மேலான நேரம் முழுவதும் கண்முன் வந்தது. பத்து மணிக்கே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அப்போது பெட்டியைத் திறந்து பார்க்கும் ருசி இருந்திருக்காது. ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, எல்லோரும் வாய்பிளந்து கேட்க, கடைசியில் தான் அறிந்ததைச் சொல்லும் ருசி. அதற்காக வேறு இரண்டு பழுதுகளையும் நிதானமாக முடித்துவிட்டு வந்திருந்தாள். அந்த நேரமெல்லாம் ஒரு குடும்பம் சாத்திய கதவுக்குப் பின்னால் சாமான்களை இழுத்துக்கொண்டிருந்தது.

தரைத்தள அறை இப்போது திறந்திருந்தது. நவ்வாரா கோதுமைச் சாக்கிலிருந்து புத்தகங்களை எடுத்துத் தரையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பத்து மணிக்கே தெரியும்," என்றாள் ராவியா வாசலில் நின்றபடி. "மதாம் கடைக்கு வந்தப்பவே."

நவ்வாரா நிமிர்ந்தாள்.

"அப்போ இவ்வளவு நேரம் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

ராவியா கருவிப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

நவ்வாரா கனமான அகராதி இரண்டைத் தூக்கி நீட்டினாள்.

"சும்மா நிக்காதீங்க. இதைப் பிடிங்க."

ராவியா கருவிப் பையைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்துக்கொண்டாள்.