உள்ளே யாரும் இல்லை

மோட்டார் படகு எங்களைத் தீவில் இறக்கிவிட்டபோது பிற்பகல் வெயில் காரை பெயர்ந்த சுவர்கள் மேல் வெறுமனே கிடந்தது. கடல் கடந்து வந்த எங்கள் குடும்பத்தின் முதல் மனிதர் முதலில் கால் வைத்த மண் அது. வீட்டில் அவரைக் கப்பல் பாட்டன் என்போம். அந்தக் காலத்தில் கப்பலில் வந்தவர்களை நேரே ஊருக்குள் விடமாட்டார்கள். காய்ச்சல் இல்லை என்று உறுதியாகும்வரை இந்தத் தீவுக் கட்டடங்களில் அடைத்து வைப்பார்கள். இப்போது அங்கே இருப்பது உப்புக் காற்றும் ஒரு காவலாளியும்தான்.

அண்ணன் கதவு வியாபாரி. பாட்டன் எந்தக் கரையிலிருந்து புறப்பட்டார், எங்கே இறங்கினார் என்று பல வருடம் அலைந்து விசாரித்தவன். அந்த உழைப்பை நான் குறை சொல்லமாட்டேன். கட்டடச் சுவரில் பதிக்க ஒரு பித்தளைத் தகட்டைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். படகில்தான் அதை எனக்குக் காட்டினான்.

‘தன்னந்தனியாக இக்கரை வந்து எங்கள் குடும்பத்தைத் தொடங்கியவர்.’

“தன்னந்தனியாவா?” என்றேன்.

“ஆரம்பிச்சிட்டியா?”

“கூட ஒரு தங்கச்சி வந்தா. அப்பா சொல்லியிருக்கார். உங்கிட்டயும்தான்.”

“வழியிலேயே காய்ச்சல்ல போயிடுச்சு, கடல்ல விட்டுட்டாங்க. கரையையே பார்க்காத பிள்ளைக்குப் பித்தளையில எதுக்கு இடம்?”

“‘தங்கையோடு புறப்பட்டவர்’னு போடு. ரெண்டே வார்த்தை.”

“உனக்கு அவ மேல பாசமா, என் மேல கோபமா?”

“ரெண்டும்தான்.”

அப்பாவின் மரண அறிவிப்பில் ‘துயரத்துடன், ஒரே மகன்’ என்று அச்சடித்தவன் அவன். நான் செவிலி. படுக்கையில் கிடந்த அப்பாவை இரண்டு மழைக்காலம் புரட்டிப் போட்டுத் துடைத்தவள். அந்த அறிவிப்பில் நான் பிறக்கவே இல்லை.

அன்று காலை வீட்டைப் பூட்டும்போதுகூட அண்ணன் வழக்கமானதைச் செய்தான். எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு பழக்கம் உண்டு. கடைசியாக வெளியே வருபவர் கதவைச் சாத்தி, ஒரு தோளைக் கொடுத்து அழுத்தி, பூட்டிவிட்டு, ஒரு கணம் நின்று, “உள்ள யாரும் இல்ல” என்று சொல்ல வேண்டும். அப்பா அப்படித்தான் செய்வார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. பல் துலக்குவதை யார் ஏன் என்று கேட்பார்கள்? வாழ வந்த அண்ணிதான் கேலி செய்வாள். “திருடனுக்குத் தகவல் சொல்றீங்களா? சாவி எங்க இருக்குன்னும் சொல்லிடுங்க.”

காவலாளி வயதானவர். தீவிலேயே பிறந்தவராம். எங்களைக் காய்ச்சல் கூடத்துக்கு அழைத்துப்போனார். நீண்ட கூடம். ஜன்னல்கள் எல்லாம் பலகை அடித்து மூடியிருந்தன. இரும்புக் கட்டில்களின் கால்கள் மட்டும் வாசல் வெளிச்சத்தில் தெரிந்தன. சுண்ணாம்பும் ஈரத்துணியும் கலந்த வாடை. அதற்கு அடியில் இன்னொன்று. காய்ச்சல் தலைக்கேறிய குழந்தையின் உச்சந்தலையில் வீசும் அந்தப் புளித்த வாடையை எந்தச் செவிலியும் மறக்கமாட்டாள்.

மூடிக் கிடந்த கூடத்தில் அது எப்படி வரும்?

அண்ணன் கதவைத் தட்டிப் பார்த்தான். “ஒரே தேக்கு. வெளிப்பக்கமா திறக்குது பாரு. உள்ள தாழ்ப்பாளே வைக்கல.” அவனுக்கு அது நல்ல சரக்கு, அவ்வளவுதான். காவலாளியோடு வெளிச்சுவரில் தகட்டைப் பதிக்கப் போனான். துளைக்கும் இயந்திரம் சுவருக்குள் உறுமத் தொடங்கியது.

நான் கதவின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் இடுப்புயரத்தில் மரம் குழிந்திருந்தது. கரையான் அரித்ததல்ல, நகக்கீறலும் அல்ல. படிக்கட்டு தேய்வதுபோல வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. என் உள்ளங்கையை வைத்தேன். குழி என் கையைவிடச் சிறியது.

இயந்திரம் நின்றது. படகுக்காரர் ஊதல் கொடுத்தார். நான் கட்டில்களின் பக்கம் திரும்பியிருந்தேன்.

வெளிச்சம் போயிற்று.

கதவில் ஒரு தோள் வந்து மோதியது. தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு அந்த ஒரு கணம்.

“உள்ள யாரும் இல்ல.”

பிறந்ததிலிருந்து கேட்டுவந்த சொற்கள். உள்ளே இருந்து கேட்டது அன்றுதான் முதல் முறை.

நெஞ்சில் வந்தது பயமல்ல, ஆத்திரம். என்னைப் பார்க்காமலே இல்லை என்று சொல்லிவிட்டான், மறுபடியும். கத்த வாயைத் திறந்தேன்.

எனக்கு முன்னால் இன்னொருத்தி கத்தினாள்.

“இருக்கேன் அண்ணா!”

என் இடுப்புக்குப் பக்கத்திலிருந்து. சின்னப் பெண்ணின் குரல். அதில் அழுகை இல்லை. கத்திக் கத்தி அழுகையெல்லாம் தீர்ந்த பிறகு மிஞ்சும் கோபம் மட்டும் இருந்தது.

நான் கதவைக் குத்தினேன். கீழே, அந்தக் குழியில், இன்னொரு கை தட்டியது. என் தட்டலும் அந்தத் தட்டலும் ஒன்றாகச் சேரவில்லை. அது வேறு தாளம், பழகிய தாளம்.

“அண்ணா, திற! நான்தான்!”

கதவிடுக்கில் அவன் வெள்ளைச் சட்டை தெரிந்தது. அவன் போகவில்லை. கதவை ஒட்டி நின்றிருந்தான். அவன் மூச்சு கேட்டது. எங்கள் குரல் அவனுக்குக் கேட்டிருக்கிறது.

தோள் இன்னும் அழுத்தமாகக் கதவில் பதிந்தது.

“உள்ள யாரும் இல்ல,” என்றான், மெதுவாக, யாரோ அதிகாரிக்குப் பதில் சொல்வதுபோல.

என் விரல்களுக்குள் ஒரு சின்னக் கை நுழைந்தது. கொதித்தது.

பிறகு காவலாளியின் அதட்டல், இழுபறி, வெளிச்சம். நான் படியில் வந்து விழுந்தேன். என் கையில் எதுவும் இல்லை.

“நீ முன்னாடியே படகுக்குப் போயிட்டேன்னு நெனச்சேன்,” என்றான் அண்ணன்.

“ரெண்டாவது தடவை சொன்னப்பவுமா?”

“அது… தோள் தானாப் போச்சு. சத்தியமா நான் இல்ல.”

காவலாளி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். “சார், இந்த வழக்கத்தை உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தா?”

“எங்கப்பா. ஏன்?”

“அது இந்தக் கூடத்து முறை சார். எங்க தாத்தா இங்க காவல் இருந்தவர், சொல்லுவார். ஊருக்குள்ள போற அன்னிக்குக் கடைசியா வெளிய வர்ற ஆள்தான் கதவைச் சாத்தி, தாழ் போட்டு, துறையில நிக்கிற அதிகாரிக்குக் கேக்குற மாதிரி அப்படிச் சொல்லணும். வீட்டு ஆள் ஒருத்தருக்குக் காய்ச்சல்னாலும் மொத்தக் குடும்பத்தையும் வந்த கப்பல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க.” கொஞ்சம் தயங்கினார். “ஆனா தோள் கொடுக்கிறது முறையில கிடையாது. காலிக் கூடத்துக்குத் தோள் எதுக்கு?”



எங்கள் வீட்டுக் கதவுகள் எல்லாம் உள்பக்கம் திறப்பவை. அவற்றைத் தோளால் அழுத்துவதில் ஒரு அர்த்தமும் இல்லை என்று கதவு விற்பவனுக்குத் தெரியாதா? தெரிந்தும் அழுத்தினான். அப்பாவும் அழுத்தினார். வெளிப்பக்கம் திறக்கும் ஒரு கதவுக்குப் பின்னால், உள்ளே இருந்து ஒருத்தி தள்ளிக்கொண்டிருந்தால்தான் தோள் தேவை.

கடலில் விட்டார்களாம்.

நான் இயந்திரத்தை எடுத்துத் தகட்டின் திருகுகளைக் கழற்றினேன். அண்ணன் தடுக்கவில்லை. தகட்டைக் கடலில் எறியவும் மனம் வரவில்லை. அந்தப் பொய்யை மீன்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? திரும்பும்போது கூடத்துக் கதவை விரியத் திறந்து, ஒரு கல்லை முட்டுக் கொடுத்தேன்.

“வர்றதுன்னா வா,” என்றேன் உள்ளே பார்த்து.

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று அண்ணி இன்றுவரை சொல்கிறாள். நான் அப்படி நினைக்கவில்லை.

அண்ணன் வீட்டில் முதலில் குளியலறைக் கதவு தட்டப்பட்டது. பிறகு படுக்கையறை. பிறகு கடையில் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த, இன்னும் எந்த வீட்டுக்கும் போகாத புதுக்கதவுகள். அவன் என்னைக் கூப்பிட்டுக் கத்தினான். “அவளை நிறுத்தச் சொல்லு!”

“உங்கிட்டதானே பேசுறா. பதில் சொல்லு.”

“என்னன்னு?”

“‘அவ இருக்கா’ன்னு சொல்லு. புதுத் தகட்டுல போடு.”

“பாட்டன் கொலைகாரர்னு ஊருக்கு நானே சொல்லணுமா?” போனை வைத்துவிட்டான்.

அடுத்த வாரம் ஆட்களை வைத்து வீட்டின் எல்லாக் கதவுகளையும் கழற்றிவிட்டான். கதவு இருந்தால்தானே தட்டுவாள் என்றானாம். அண்ணி பெட்டியோடு அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். போகிற வழியில் எனக்குச் சொல்லிவிட்டுப் போனாள்.

நான் போனபோது நண்பகல். வாசல் நிலையில் கதவு இல்லை, கீல்கள் மட்டும் இருந்தன. கூடத்தில் வெயில் விழுந்திருந்தது. படுக்கையறை நிலையில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். வெற்று நிலைக்குள் தோளைக் கொடுத்து, உடம்பு முழுதையும் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திக்கொண்டிருந்தான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

அவன் முன்னால் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவன் விழவில்லை.

“யாரும் இல்லன்னு சொல்லு,” என்றான் மூச்சிரைக்க. “நீயாவது சொல்லு. உன் வார்த்தையைக் கேப்பா.”

அந்தப் புளித்த வாடை எனக்குத் தெரிந்தது. வெற்று நிலைக்கு அப்பால், இடுப்புயரத்தில், பழகிய தாளத்தில் தட்டல் கேட்டது.

“இருக்கா,” என்றேன்.

அவன் பாதங்கள் தரையில் தேய்ந்தபடி பின்னால் நழுவத் தொடங்கின.